அறச்சீற்றம் என்று நினைத்தேன்

செஞ்சியில் நான் தமிழாசிரியை. எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்த கணக்கு டீச்சர் மல்லிகாவின் பின்னாலேயே பிள்ளைகள் ஓடினார்கள். பதினைந்து வருடமாகப் பாடம் நடத்தும் என்னிடம் யாரும் அப்படி வந்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு அவள் பிள்ளைகளை ராஜகிரிக் கோட்டைக்கு அழைத்துப் போனாள். மறுநாள் காலையிலேயே தலைமையாசிரியரிடம் போய், "உங்க அனுமதியே இல்லாம கூட்டிட்டுப் போயிருக்காங்க சார். யாராவது விழுந்திருந்தா?" என்று குமுறினேன். அவர் பிரேயரில் எல்லார் முன்னாலும் மல்லிகாவைத் திட்டினார். என் கோபம் அறச்சீற்றம்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த வாரமே பாடத்தில் அந்தச் சொல் வந்தது. "அநியாயத்தைப் பார்த்து வர்ற கோபம். தனக்காக இல்ல, அடுத்தவங்களுக்காக" என்று விளக்கினேன்.

சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வரும் கவிதா எழுந்தாள். "டீச்சர், மல்லிகா டீச்சர திட்னப்போ எங்களுக்கெல்லாம் கோவம் கோவமா வந்துச்சி. அதுவா டீச்சர்?"

"அதுதாம்மா" என்றேன்.

மதியமே தலைமையாசிரியரிடம் போய், பிள்ளைகள் மேல் உள்ள அக்கறையில் நான் புகார் சொல்லவில்லை என்ற உண்மையைச் சொன்னேன். பிறகு மல்லிகாவிடமும், புகார் சொன்னது நான்தான் என்று.

"ஏன்க்கா அப்டி பண்ணீங்க?" என்றாள்.

"பொறாமைதான்."

அவள் வகுப்புக்குப் போய்விட்டாள்.

இப்போதெல்லாம் கோபம் வந்தால், யாருக்காக என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் எனக்காகத்தான் இருக்கிறது.