உடைய மறுக்கும் கிளப்

மலேசியாவின் யோங் பெங் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் பஸ் நிற்கிறது. பக்கத்து மேசைகளில் ஒரே நிறச் சட்டையில் இருபது முப்பது பேர் ஒருவரையொருவர் திட்டுகிறார்கள். ஊர் ரக்பி லீக் கிளப்பாம்.

“ஏன் இந்தச் சண்டை?” என்று அவர்களின் கேப்டன் சரவணனிடம் கேட்கிறேன்.

“கிளப் வளரணும்ல, அண்ணே. இந்தப் பக்கம் எங்களோட மோத வேற கிளப்பே இல்ல. நம்ம ஆளுங்க சங்கம்னா சண்டை போட்டுத்தானே ரெண்டாகும்? அப்புறம் யாரு ஜெயிச்சாலும் கப்பு நமக்குத்தான் லா.”

“உடையுமா?”

“எங்கண்ணே! தலைவர் பதவியக்கூட ஆளாளுக்கு விட்டுக் கொடுக்குறானுங்க.”

அதற்குள் ஒருவர் எழுந்து, “உனக்குப் பந்தே பிடிக்கத் தெரியாது!” என்று எதிரே இருப்பவரிடம் கத்துகிறார். எல்லோரும் ஆவலோடு திரும்புகிறோம்.

“உண்மைதான் மச்சான்,” என்று திட்டு வாங்கியவர் தன் ரொட்டி சானாய் பரோட்டாவை அவர் பக்கம் நகர்த்திக் கொடுக்கிறார்.

கேப்டன் தலையில் கை வைக்கிறார். “அலமாக்! இவனுங்கள வச்சுக்கிட்டு எப்படி முன்னேறுறது?”