சம்பந்திகளின் பர்மா

என் அப்பாவும் என் மாமனாரும் ஒரே போரில், ஒரே அணியில், ஒரே எதிரியோடு மோதியவர்கள். ஜப்பான்காரனை இருவருமே என்றைக்கோ மன்னித்துவிட்டார்கள். ஒருவரை ஒருவர்தான் மன்னிக்கவில்லை.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே இது ஆரம்பித்துவிட்டது. பல்லாவரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கேசரி, பஜ்ஜி எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சுவரில் இருந்த அப்பாவின் பட்டாளத்துப் படத்தைப் பார்த்துவிட்டு மாமனார், "சண்டையில எந்தப் பக்கம் இருந்தீங்க?" என்று கேட்டார். அஸ்ஸாமிலிருந்து பர்மா காட்டு வழியாகச் சீனாவுக்கு அமெரிக்கர்கள் ஒரு மலை ரோடு போட்டார்கள். அதில் அப்பா லாரி மெக்கானிக். மாமனாரோ இம்பாலில் பிரிட்டிஷ் படையின் ரேஷன் ஸ்டோரில் கிளார்க். "அந்த ரோடா? அதைப் போட்டு முடிக்கிறதுக்குள்ள சண்டையே முடியப் போச்சே!" என்று மாமனார் சிரித்தார். அப்பாவின் முகம் சுண்டிப் போயிற்று. காபித் தட்டோடு நின்ற நான் மாப்பிள்ளையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா மட்டும் சட்டென்று ஜெபம் பண்ணலாம் என்று சொல்லியிருக்காவிட்டால், எனக்குக் கல்யாணமே நடந்திருக்காது.

எனக்கும் என் கணவருக்கும் பொருத்தம் நன்றாகவே இருந்தது. அப்பன்மார்களுக்குத்தான் ஏழாம் பொருத்தம்.

நான் வாழ்க்கைப்பட்டது இரும்புலியூரில். மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் அப்பா பல்லாவரத்திலிருந்து ரயிலேறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார், மகளைப் பார்க்க. அது பேருக்கு. சாப்பாடு முடிந்து கை காய்வதற்குள் மேஜைமேல் பர்மா விரிந்துவிடும். ஊறுகாய் ஜாடி இம்பால். மோர்ச் சொம்பு சீனா. சொம்பை நான் கழுவ எடுத்தால் இருவரும் சேர்ந்து என்னை அதட்டுவார்கள். அந்த ஒன்றில் மட்டும் கூட்டணி உறுதி.

சச்சரவு இதுதான். அமெரிக்காக்காரனுக்குச் சீனா விழக்கூடாது. அதற்கு ரோடு வேண்டும், விமானம் வேண்டும். இங்கிலீஷ்காரனுக்கு ரங்கூனும் சிங்கப்பூரும் திரும்பக் கையில் வந்தால் போதும், சீனா எக்கேடு கெட்டால் என்ன. இரண்டு பேருக்கும் சேர்த்து இருந்த விமானங்களோ கொஞ்சம். மாமனாரின் படை ஆற்றைக் கடந்து பர்மாவுக்குள் முன்னேறிக்கொண்டிருந்தபோது, சாப்பாடு கொண்டுவந்த விமானங்களை ஒரு நாள் காலையில் அமெரிக்கர்கள் சீனாவுக்குத் திருப்பிவிட்டார்களாம். ரேஷனைக் குறைத்து அளந்து போட்டவர் மாமனார். பசியோடு வரிசையில் நின்றவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தவரும் அவர்தான்.

அப்பாவின் காரணம் வேறு. அவர் வேலை செய்த இடத்தில் ஒரு அமெரிக்க சார்ஜெண்ட், லாரிக்கு அடியில் அவரோடு சேர்ந்து படுத்து ரிப்பேர் பார்த்துவிட்டு, அதே க்ரீஸ் கையோடு தன் டப்பாவிலிருந்தே அவருக்கும் சாப்பாடு கொடுத்தானாம். அதற்கு முன் எந்த வெள்ளைக்காரனும் அப்பாவை உட்காரச் சொன்னதுகூட இல்லை. அந்த ஒரு டப்பாச் சோற்றுக்காக அப்பா அமெரிக்காவின் போர்த் தந்திரம் முழுவதையும் ஆயுசுக்கும் தூக்கிச் சுமந்தார்.

சம்பந்தியை முகத்துக்கு நேராகக் கடிந்து பேசுவது எங்களில் வழக்கமில்லை. பேசினால் உறவு முறிந்தது என்று அர்த்தம். அதனால் இந்த மகா யுத்தம் முழுக்க என் வழியாகவே நடந்தது.

"உங்கப்பாகிட்ட சொல்லும்மா, ஜெயிச்சது ரோடு போட்டவன் இல்ல, பட்டினியா நடந்தவன்னு."

"உங்க மாமாகிட்ட சொல்லும்மா, நடக்கச் சொன்னா நடக்காம மழை நிக்கட்டும்னு உக்காந்திருந்தவன் அவங்க இங்கிலீஷ் ஜெனரல்தான்னு."

இருவருக்கும் நடுவே நான் ரசம் ஊற்றிக்கொண்டிருப்பேன். இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் நான் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லிவிட்டால் போச்சு. எரிச்சலாக வரும். ஆனால் ஒரு ஞாயிறு மழையில் ரயில் ஓடாமல் அப்பா வராதபோது, மாமனார் வாசல் கேட்டுக்கும் மேஜைக்குமாக நடந்ததைப் பார்த்தேன். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த மனிதர்மேல் எனக்குப் பாசம் வந்தது அன்றைக்குத்தான்.

எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு எங்கள் நாட்டுக்கே போர் வந்தது. என் கணவர் விமானப்படையில் இன்ஜின் மெக்கானிக். தாம்பரத்திலிருந்து அவரைக் கிழக்கே ஏதோ ஒரு தளத்துக்கு அனுப்பினார்கள். எந்த இடம் என்று சொல்லக்கூட அவருக்கு அனுமதி இல்லை. நான் அப்போது தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தேன். அவர் பத்திரமாகத் திரும்பி வந்தார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த டிசம்பரில் எங்களுக்கு அது தெரியாது. கடிதமும் நின்றுபோயிருந்தது.

பிள்ளைப்பேற்றுக்கு என்னைத் தாய் வீட்டுக்குக் கூட்டிப்போக அப்பா வருவதாகப் பேசியிருந்தோம். பெண்ணைப் பெற்றவர்கள்தான் பூ, பழத்தோடு வந்து அழைக்க வேண்டும். அதற்கு முந்தின நாள் ரேடியோவில் அந்தச் செய்தி வந்தது. அமெரிக்கா தன் போர்க்கப்பல்களை வங்காள விரிகுடாவுக்கு அனுப்புகிறது, நமக்கு எதிராக.

எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது கப்பல் இல்லை, அப்பாதான். அமெரிக்காவுக்காக இத்தனை வருஷம் பேசிய வாய். இனி மாமனார் சும்மா விடுவாரா? பிள்ளை போர்முனையில் இருக்கிற மனுஷன் வேறு. ஒரே ஒரு சொல் நேராக விழுந்தால் போதும், அப்பா அதன் பிறகு இந்த வாசற்படி மிதிக்க மாட்டார். பிறக்கப்போகிற என் பிள்ளைக்கு இரண்டு தாத்தாவும் இருந்தும் ஒரு தாத்தாதான் மிஞ்சுவார். மாமனாரோ ரேடியோவை நிறுத்திவிட்டு, அணைந்த ரேடியோவின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் பெட்டி கட்டித் தயாராக இருந்தேன். அப்பா வரவில்லை. மத்தியானம் ஆயிற்று. ரயில் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு வரவில்லை என்று எனக்குப் புரிந்தது. எனக்குப் புரிந்தால் மாமனாருக்கும் புரிந்திருக்கும்.

அவர் எழுந்து சட்டையை மாட்டினார். "கிளம்பும்மா" என்றார்.

"மாமா, அப்பா வந்துதானே..."

"தெரியும். கிளம்பு."

மாப்பிள்ளையைப் பெற்றவர் தானே மருமகளைக் கொண்டுபோய் அவள் வீட்டில் விடுவதா? எங்கள் பக்கம் யாரும் கேள்விப்பட்டதில்லை. வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறவர்கள்தான் அப்படிச் செய்வார்கள். அடுத்த வீட்டுக்காரம்மா ஜன்னலில் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். சைக்கிள் ரிக்‌ஷாக்காரர், "இன்னா சார், புள்ளத்தாச்சிய இட்டுகினு நீங்களே போறீங்க? பொண்ணு வூட்டுக்காரங்க வரலியா?" என்று வேறு கேட்டு வைத்தார். மாமனார் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். தாம்பரத்தில் ரயிலேறி உட்கார்ந்த பிறகும் பெட்டியைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். சண்டை போடத்தான் போகிறார், இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து நேருக்கு நேராகக் கேட்கத்தான் போகிறார் என்றே நினைத்தேன்.

பல்லாவரத்தில் அம்மா ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்த நேரம். அப்பாதான் பனியனோடு கதவைத் திறந்தார். எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே கூடத்து மேஜையில், எனக்காக வாங்கிய பூவும் பழமும் தட்டில் வைத்தபடி இருந்தன. "உங்க மாமாகிட்ட சொல்லும்மா..." என்று என்னைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார்.

மாமனார் பெட்டியை இறக்கி வைத்தார்.

"சம்பந்தி," என்றார், அப்பாவின் முகத்தைப் பார்த்து. "நீங்களா கப்பல் அனுப்பினீங்க?"

அப்பா நிமிர்ந்தார்.

"அங்க எம் பையன் இருக்கான். நியூஸ் ஆரம்பிச்சாலே எழுந்து நிறுத்திடலாமான்னு வருது. இவ்வளவு நாள் இவ பக்கத்துல இருந்தா. இனிமே அந்த வீட்ல தனியா உக்காந்து என்னால ரேடியோ கேக்க முடியாது சம்பந்தி." வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். "நான் இங்கயே கொஞ்ச நாள் இருந்துக்கட்டுமா?"

பெண் வீட்டில் தங்க இடம் கேட்டு ஒரு மாமனார் நிற்பதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "இதைக் கேக்கணுமா சம்பந்தி? அவன் எனக்கும் புள்ளதானே?" என்று அப்பா அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். நேராக ரேடியோ இருந்த மூலைக்குத்தான் போனார்கள். இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு, செய்திக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பெட்டிக்குப் பக்கத்தில், வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். உள்ளே வா என்று என்னை ஒருவரும் கூப்பிடவில்லை.