காரில் எத்தனை பேர் ஏறுவீங்க?

கார் ஸ்பேர் கடையில் நிற்கிறவர்களுக்கு ஒன்று தெரியும்: பின்பக்க ஸ்பிரிங் வாங்க வருகிற யாரும் தன் குடும்பத்தின் அளவை உள்ளபடி சொல்வதில்லை. எண்பதுகளின் கடைசியில் சென்னை பாடியில் ஒரு கடையில் சேர்ந்தேன். வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் லே-ஆஃப். மூன்று வயசு மகளை எதிர்வீட்டில் விட்டுவிட்டு ஓடிவருவேன். "ஒரு மாசம் பார்ப்போம், சரிப்பட்டா இரு" என்றார் முதலாளி. அந்த ஒரு மாசத்தில் நான் பட்டதை, கவுன்டருக்குப் பின்னால் நிற்கிற நீங்களாவது நம்புவீர்கள்.

அஞ்சு பேர்தான்

அந்தக் கால அம்பாசடருக்குப் பின்னால் இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங். எத்தனை பேர் ஏறுவார்கள் என்று பார்த்து, சாதா செட்டோ, ஒரு பட்டை கூடுதலாக வைத்த செட்டோ கொடுக்கவேண்டும். அம்பத்தூர்க்காரர் ஒருவர், "நாங்க அஞ்சே பேரு" என்றார். சாதா செட் கொடுத்தேன். ஒரே வாரத்தில் கார் பின்பக்கம் தரையை உரசிக்கொண்டு வந்து நின்றது. கதவு திறந்தது. இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பதினோரு பேர்!

"அஞ்சுன்னீங்களே சார்?" என்றேன். "பசங்களையெல்லாமா எண்ணுவாங்க?" என்று என்னையே கேட்டார். செட்டை மாற்றிக் கொடுத்த முதலாளி என் பக்கம் திரும்பினார்: "இன்னொரு செட்டு திரும்பி வந்துச்சுன்னு வை, நீயும் அதுகூடவே போயிடு."

ஒரு பட்டை கூடுதல்

பயத்தில் அடுத்து வந்தவர்களுக்கெல்லாம் கூடுதல் பட்டைதான். ஆவடியிலிருந்து வந்த ரிட்டையர்டு வாத்தியாரும் அவர் மனைவியும் இரண்டே பேர், இரண்டு பேரும் முருங்கைக்காய். அவர்களுக்கும் அதையே கொடுத்துவிட்டேன். மெக்கானிக் தேவராஜ் மாட்டிவிட்டு ஜாக்கியை இறக்கினான். காரின் பின்பக்கம் மட்டும் இறங்கவே இல்லை. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்த அந்த அம்மா வழுக்கிக்கொண்டே வந்து முன்சீட்டைக் கட்டிப்பிடித்தார்.

கடை வாசலைத் தாண்டாததால் அது திரும்பி வந்த கணக்கில் சேரவில்லை. நல்லவேளை, முதலாளி சாப்பிடப் போயிருந்தார். பட்டையைக் கழற்றக் காருக்கடியில் நுழைந்தபடியே தேவராஜ் சொன்னான்: "இன்னாக்கா, வண்டி சாமி கும்பிட்டுகினு கீது!"

குடும்பத்தோடு வாங்க

அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். இனிமேல் வாய்ச்சொல்லை நம்பப்போவதில்லை. வீட்டில் இருக்கிற எல்லாரையும் கூட்டிவரச் சொல்லி, காரில் ஏற்றி, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கைவைத்து அளந்துவிடுவது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கற்றதில் இந்தச் சாண் கணக்குதான் ஒழுங்காக மனசில் நின்றது.

முதலில் மாட்டியவர் வேலப்பன்சாவடி ஸ்டீபன் சார். வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்குக் காரில் போகிற குடும்பம். எட்டுப் பேரும் கோயிலுக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒவ்வொருவராக ஏற்றினேன், நடுரோட்டில் குனிந்து அளந்தேன். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைசியாக ஸ்டீபன் சாரின் மனைவி ஏறியதும் நாலு விரல் இடைவெளி இரண்டு விரலானது. உள்ளேயிருந்து ஸ்டீபன் சாரின் தங்கை கத்தினாள்: "அண்ணி ஏறினதுல வண்டி மட்டுமா இறங்குச்சு? எங்கண்ணன் மூஞ்சியும்தான்!"

கூடுதல் பட்டை செட் கொடுத்து அனுப்பினேன்.

மாசத்தின் கடைசி நாள்

சாயங்காலம் கடை மூட ஒரு மணி நேரம் இருக்கும்போது ஸ்டீபன் சாரின் கார் வாசலில் வந்து நின்றது. பின்பக்கம் அப்பட்டமாக இறங்கியிருந்தது. முதலாளி எழுந்து வெளியே வந்தார். அவருக்கு முன்னால் ஓடிப்போய்க் குனிந்து அளந்தேன். ஒரு விரல்கூட நுழையவில்லை.

"சார், டிக்கியைத் திறங்க" என்றேன். திறந்தார். மூன்று அரிசி மூட்டை, அதன்மேல் இரண்டு பலாப்பழம்! "மாமனார் ஊர்லேருந்து வர்றோம்மா. நீ போட்ட பட்டை என்னமா தாங்குது! இன்னொண்ணு வெச்சா இன்னும் ரெண்டு மூட்டை ஏத்தலாமா?" என்றார்.

முதலாளி டிக்கியைப் பார்த்தார், எட்டுப் பேரையும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நாளைக்கு ஒம்போது மணிக்கெல்லாம் வந்துடும்மா. இதுங்களை என்னால ஒண்டியா அளக்க முடியாது."

ஒரு குடும்பத்தில் எத்தனை பேர் என்று யாராவது என்னைக் கேட்டால், ரேஷன் கார்டை விட்டுவிட்டு அவர்கள் காருக்குப் பின்னால் போய்க் குனிந்து பாருங்கள் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.