கல்லாய்ப் போன வளையல்கள்

பின்புறமாகவே நடப்பாள் கொளஞ்சியம்மா. முகம் தன்னோடு வருகிற கூட்டத்தைப் பார்த்திருக்கும். கால்கள் மட்டும் கல்லையும் முள்ளையும் தடவிக்கொண்டு பின்னால் போகும். "பாத்து வாங்க, இங்க சங்கஞ்செடி இருக்குது. சேலய புடிச்சா வுடாது" என்பாள். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அவளுடைய சேலைதான்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளின் விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்குவது அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே முந்திரிக்காட்டு வழியாக ஆட்களை அழைத்துப் போகிறாள். இருளர்கள் எங்கே கிழங்கெடுத்தார்கள், எந்த வளையில் எலி, எதில் பாம்பு என்று கேட்கக் கடலூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். தெரியாத செடியைக் காட்டினால் கூச்சப்படமாட்டாள். "இது யாருன்னு தெரியலிங்க" என்பாள், வேற்றூர் விருந்தாளியைச் சொல்வதுபோல.

நடை முடிவது ஒரு வறண்ட ஓடையில். அதன் கரைமண்ணில் வரிவரியாய் வளைந்த கற்கள் பதிந்து கிடக்கும். "கோவிச்சிக்கிட்டு கடலுக்குப் போனாளே எங்க கன்னியம்மா, போற வழியில கழட்டிப் போட்ட வளையலுங்க இது" என்று கும்பிடுவாள். மாசி மகத்துக்கு அவளுடைய இருளர் சனம் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய், திரும்பி வரச்சொல்லி அந்த அம்மனை அழைப்பது வழக்கம்.

தை மாதத்தில் ஒருநாள், நிலவியல் படித்த இளமதி என்ற பெண் கூட்டத்தோடு வந்தாள். கற்களைத் தடவிப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

"அக்கா, இது சிப்பிங்க. கல்லாயிடுச்சு. மனுசங்க பொறக்கறதுக்கு ரொம்ப முன்னாடி கடலு இங்கதான் இருந்துச்சு."

"இங்கயா?"

"நீங்க நிக்கிற எடத்துலயே."

கொளஞ்சியம்மா சட்டென்று காலைத் தூக்கி, கீழே பார்த்தாள்.

பொம்மை தேய்க்கும்போதும் அதே நினைப்பு. ஒரு யானையின் தும்பிக்கையே தேய்ந்து போனது. கணவன் மாயவனிடம் கேட்டாள்: "கடலு இங்கதான் இருந்துச்சாம். அப்ப அம்மா எங்கயும் போவலியா? இல்ல, கடலுதான் நம்மள வுட்டுட்டுப் போயிடுச்சா? நாம யாரப் போயி கூப்புடறோம்?"

"வேனுக்கு ஆளு சேந்தாச்சு. நீ வரியா இல்லியா?"

"தெரியலியே."

மகத்துக்குப் புறப்படும் காலையில், வேன் படியில் ஒரு காலை வைத்தவள் இறங்கிவிட்டாள். "நீங்க அங்க கூப்புடுங்க. நான் இங்க கூப்புட்டுப் பாக்கறேன்."

"ரெண்டு எடத்துலயும் கூப்புட்டா அவ எங்கன்னு வருவா?" என்றான் மாயவன்.

"அதான் எனக்கும் புரியல. போயிட்டு வாங்க."

ஓடைக்கு வந்தாள். கடற்கரையில் ஈர மணலில் அம்மனுக்குக் கட்டுவதுபோலவே, இங்கே உதிர்மண்ணைக் குவித்து ஏழு படி கட்டினாள். அது சரிந்தது, மறுபடி கட்டினாள். சாமந்தியைச் செருகிவிட்டு, அழைக்க வாயைத் திறந்தாள். எந்தப் பக்கம் பார்த்து அழைப்பது? கிழக்கே திரும்பினாள். பிறகு கற்கள் பதிந்த ஓடைக்கரையைப் பார்த்தாள்.

குனிந்து, ஒரு கல்லைச் சுற்றியிருந்த மண்ணில் ஒரு துளி கிள்ளி நாக்கில் வைத்துக்கொண்டு, உப்புக் கரிக்கிறதா என்று கண்ணை மூடி நின்றாள்.