ஸ்ட்ரெச்சர் அக்கா சொன்ன பொய்

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, எல்லாருக்கும் அவள் ஸ்ட்ரெச்சர் அக்காதான். குத்துப்பட்டு வருகிற பையன்களை உள்ளே தள்ளிக்கொண்டு போவது சம்பளத்துக்குச் செய்யும் வேலை. அவர்களோடு வருகிற கூட்டாளிகளை வெளியே விடாமல் பிடித்து வைப்பது, சம்பளமில்லாமல் அவளே இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை.

அவளுடைய மூத்த மகனையும் ஒரு நாள் இப்படித்தான் கொண்டுவந்தார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கத்துப் பையன்களுக்கும் அந்தப் பக்கத்துப் பையன்களுக்கும் என்ன பகை என்று கேட்டால், அவர்களுக்கே சொல்லத் தெரியாது. மகன் போன பிறகு போலீஸ் வந்தது. இரண்டு பக்கமும் கையில் கிடைத்தவனையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது. போகும்போது வாய்ச்சவடால் மட்டும் இருந்த பையன்கள், ஜெயிலில் தொழில் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினால் அணையுமா?

அதற்கப்புறம்தான் அக்காவும், ரிட்டயரான ஒரு பஸ் டிரைவரும், பிள்ளையைப் பறிகொடுத்த நாலைந்து தாய்மார்களும் ஒன்று சேர்ந்தார்கள். பழிக்குப் பழி என்று கிளம்புகிறவன் பக்கத்தில் போய் உட்காருவது, அவன் கத்துவதையெல்லாம் கேட்பது, அவ்வளவுதான் அவர்கள் செய்தது. இரண்டே கட்டுப்பாடு. போலீசிடம் ஒரு வார்த்தை போகக் கூடாது. பையன்களிடம் பொய் சொல்லக் கூடாது. ஒரு தடவை பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் அப்புறம் நாய்கூட மதிக்காது.

அக்கா தானே கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. குத்துப்பட்டவனை உள்ளே விட்டுவிட்டு வெளியே வந்து, "ரத்தம் வேணும், யார் யார் குடுக்கிறீங்க?" என்பாள். அது பொய்யல்ல, அந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் வேண்டாத நாளே கிடையாது. கத்தியோடு கிளம்ப இருந்தவர்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். கொடுத்து முடித்ததும் ஜூஸ் குடிக்கவைத்து, "எந்திரிக்காதே, தலை சுத்தும்" என்று அதட்டிப் படுக்கவைப்பாள். கோபம் ஆறாது, கால் கொஞ்சம் தளரும். அதற்குள் டிரைவர் வந்து சேர்ந்துவிடுவார்.

அன்று மத்தியானம் வயிற்றில் குத்துப்பட்டு ஒருவன் வந்தான். கூட்டாளிகளோடு அவன் அண்ணனும் வந்தான். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் பட்டறையில் வெல்டர். தாய் தகப்பன் போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவன். அக்கா வழக்கம்போல் எல்லாரையும் ரத்தம் எடுக்கும் அறைக்கு ஓட்டினாள். ஒருவன் ஊசியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கத்திக்குப் பயப்படாத வீரன், ஊசிக்கு நடுங்குறியே!" என்றாள். மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதியில்தானே ஆள் விழுவது.

குத்துப்பட்டவனை ஆபரேஷன் அறை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனாள். நர்ஸ் நாடியைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். திரும்பி வந்து பார்த்தால் வெல்டரைக் காணவில்லை.

"அவரு கையில பச்சை குத்தியிருக்காருக்கா," என்றாள் ரத்தம் எடுக்கிற பெண். "போன மாசம்தான் மகள் பேரைக் குத்திக்கிட்டாராம். புதுசா குத்தியிருந்தா ஒரு வருஷத்துக்கு ரத்தம் எடுக்கக் கூடாதே, அனுப்பிட்டேன். 'என் தம்பிக்கு என் ரத்தம் ஆகாதா?'ன்னு கத்திட்டுப் போனாரு."

திருப்பி அனுப்பப்படுகிறவன் என்ன ஆவான் என்று இத்தனை காலமாக அக்காவுக்குத் தோன்றவே இல்லை. யாரை முதலில் பிடித்து வைக்க வேண்டுமோ, அவனையே வெளியே தள்ளியிருக்கிறாள்.

ஆஸ்பத்திரி வாசலில் போலீஸ்காரர் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் வெல்டரை மடக்கிவிடுவார்கள். வார்த்தை தொண்டைவரை வந்தது. சொன்னால் நாளைக்கு எந்த வீட்டுக் கதவும் அவளுக்குத் திறக்காது. விழுங்கிக்கொண்டு ஓடினாள். டிரைவருக்குப் போன் போட்டாள். அவர் எங்கோ ஊரின் மறுகோடியில் நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தார்.

பட்டறையில் வெல்டர் தனியாக நின்று ஒரு கம்பியின் முனையைத் தீட்டிக்கொண்டிருந்தான். சாணைச் சக்கரத்தின் சத்தத்தில் அவள் கூப்பிட்டது அவன் காதில் ஏறவில்லை. பிளக்கைப் பிடுங்கினாள்.

"போயிடுக்கா. அடிச்சிருவேன்."

"அடி. அடிச்சுட்டு இங்கயே இரு."

"என் தம்பி குடல் சரிஞ்சு கிடக்கான். என்னைப் பொறுமையா இருக்கச் சொல்றியா?"

செத்துப்போன தன் மகனைப் பற்றிச் சொன்னாள். வெல்டருடைய மகளைப் பற்றிச் சொன்னாள். காலைக்கூடப் பிடித்தாள். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்காகப் போயிற்று. கம்பியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு அவளைத் தாண்டி நடந்தான். அப்போதுதான் அது அவள் வாயிலிருந்து வந்தது.

"கண்ணு முழிச்சுட்டான்டா! அண்ணன் எங்கன்னு உன்னைத்தான் கேக்கிறான்!"

அவன் நின்றான். கம்பி நழுவி விழுந்தது. "நிஜமாவா?" என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டான். அவன் முன்னால் ஓட, அவள் பின்னால் ஓடினாள். கடவுளே, இது உண்மையாகட்டும், இது ஒன்று மட்டும் உண்மையாகட்டும் என்று வேண்டிக்கொண்டே ஓடினாள். கடவுளுக்கு அன்று வேறு வேலை இருந்தது போலிருக்கிறது.

ஆபரேஷன் அறை வாசலில் டாக்டர் நின்றிருந்தார். "காப்பாத்த முடியல," என்றார்.

வெல்டர் அழவில்லை. திரும்பி அவளைப் பார்த்தான்.

"எப்போ முழிச்சான்?"

இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். கடைசியில் உன் பேரைத்தான் சொன்னான் என்றால் அவனுக்கும் ஆறுதல், அவளுக்கும் மானம் மிச்சம்.

"முழிக்கவே இல்லப்பா. உன்னை நிறுத்தறதுக்காகச் சொன்னேன்."

"ஏன்?"

"இன்னொருத்தனையும் வச்சுத் தள்ள எனக்குத் தெம்பில்ல."

கூட்டாளிகள் முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். இனி அவள் சொல்வதை அவர்களில் ஒருவனும் நம்பப் போவதில்லை. வருஷக்கணக்கில் வீடு வீடாக ஏறி இறங்கிச் சம்பாதித்த பேர் ஒரு நொடியில் போயிற்று. அது அவளுக்கு அங்கேயே தெரிந்தது.

"நாளைக்கு இவனை அடக்கம் பண்ணிட்டு அவனுங்களைத் தேடிப் போவேன்," என்றான் வெல்டர். "நீ வந்து ஒரு வார்த்தை பேசினே, அவ்வளவுதான்."

மறுநாள் அடக்கம் முடிந்து எல்லாரும் திரும்பியபோது, அவன் வீட்டு வாசற்படியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். உள்ளே போகிறவர்களுக்கு மட்டும் எழுந்து வழி விட்டாள். யாரும் அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. டிரைவர் தெருமுனையிலேயே நின்றுகொண்டார். பொய் சொன்னவளோடு சேர்ந்து உட்கார அவருக்கு மனம் வரவில்லை. விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை.

சாயங்காலம் கதவு திறந்தது. வெல்டர் கையில் அந்தக் கம்பி இருந்தது.

"நகரு."

அவள் நகரவில்லை. பேசவும் இல்லை, அவள் பேச்சுக்கு இனி என்ன மதிப்பு? படி குறுகல். அவளை மிதிக்காமல் இறங்க வழியில்லை. அவன் அவள் முதுகுக்குப் பின்னால் நெடுநேரம் நின்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவாள்.

பிறகு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தாழ் போடும் சத்தம் கேட்கவில்லை. அக்கா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, நாளைக்கும் வேலைக்கு வர முடியாது என்று சொன்னாள்.