1413 முதல் 1475 வரை

எங்கள் கண் ஆஸ்பத்திரியின் கணினிக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் துடைப்பம். காத்திருப்போர் பட்டியலிலிருந்து, ஆபரேஷன் முடிந்தவர்களின் பெயர்களை வெள்ளிக்கிழமைதோறும் அழிப்பது அவர் வேலை. ஒன்பது வருடமாக அதே நிரல், அதே அலுப்பு. கவுண்டரில் உட்கார்ந்து தேய்ந்துபோன எனக்கு அவரைப் பார்த்தால் கூடப் பிறந்தவர் மாதிரி இருக்கும்.

போன மாதம், பட்டியலில் மொத்தம் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க நினைத்தார். நிரலில் 'முடிந்தவர்கள் மட்டும்' என்று சொல்லும் வரிக்கு முன்னால், கணினி அதைப் படிக்காமல் தாண்டிப் போகட்டும் என்று இரண்டு சாய்கோடு போட்டு அதைத் தூங்க வைத்தார். எண்ணி முடித்ததும் மறுபடி அழிக்கும் கட்டளையைப் போட்டவர், சாய்கோடுகளை எடுக்க மறந்துவிட்டார். ஒரே தட்டு. பட்டியல் மொத்தமும் காலி.

மனுஷனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கையில் இருந்த பட்டியலின் நகலோ பதினோரு நாள் பழசு. அதைத்தான் ஏற்றினார். அதில் கடைசி எண் 1412. அழித்த பிறகு பதிந்த முதல் ஆளுக்கு விழுந்த எண் 1476. பெயர்கள் போனாலும் எண் பின்னால் போகாதாம். நடுவில் அறுபத்து மூன்று பேர். பெயரும் இல்லை, போன் நம்பரும் இல்லை.

"யாருக்குத் தெரியப் போகுது, விடுய்யா" என்றார் மேனேஜர்.

துடைப்பம் விடவில்லை. அந்த நாட்களில் பதிந்தவர்கள் மறுபடி பதியவும் என்று வலைத்தளத்தில் கொட்டை எழுத்தில் அறிவிப்புப் போட்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"ஏன் சார், கண்ணு தெரியலன்னுதானே நம்மகிட்ட வராங்க? இதை யாரு படிப்பா?"

அவர் முகம் செத்துப்போனது. ஏன்டா கேட்டோம் என்று ஆகிவிட்டது எனக்கு.

மறுநாளிலிருந்து காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். "வாட்ச்மேன் வேலைக்கா போறீங்க?" என்று வீட்டுக்காரி கேட்டாளாம்.

"அம்மா, ஆபரேஷனுக்கு எப்ப பதிஞ்சீங்க?"

"மருமக போட்டா தம்பி. போன் வரும்னாங்க, வரவே இல்ல. அதான் கேட்டுப் போலாம்னு வந்தேன்."

எழுதிக்கொள்கிறார். இன்றோடு இருபத்தாறு நாள், நாற்பத்தொரு பேர் கிடைத்திருக்கிறார்கள். மீதி இருபத்திரண்டு பேர் பொறுமைசாலிகள். கேட்க வராமல், போன் வரும் என்று வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.