சார்ஜ் மட்டும் ஏற்றும் வயர்

இஸ்திரி மேசை எனக்கு உயரம். குதிகாலை எக்கி எக்கித் தேய்த்து, சாயங்காலம் ஆனால் கால் வீங்கிவிடும். ஒரு நாள் வந்து பார்த்தால் மேசைக்குக் கீழே, என் உயரத்துக்குத் தோதாக ஏறி நிற்க, இழைத்த பலகை ஒன்று கிடந்தது. யார் போட்டது என்று யாரும் சொல்லவில்லை. மோட்டார் அண்ணன் சட்டையில் மட்டும் மரத்தூள் ஒட்டியிருந்தது.

எங்கள் சலவைக்கூடத்தில் தண்ணீர் மோட்டார் போடுவது அவர் வேலை. ஒரு முறை தொட்டி வழிந்து, தேய்த்து அடுக்கிய துணியெல்லாம் நனைந்துபோயிற்று.

"திங்கக்கிழமைக்குள்ள ஒரு வழி பண்ணு. இல்லேன்னா மோட்டார் ரூம் சாவியக் குடுத்துட்டு மூட்டை தூக்கப் போ" என்றார் முதலாளி. அண்ணனுக்கு இடுப்பு சரியில்லை. மூட்டை தூக்க ஆகாது.

அவர் மலிவாக ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு வாங்கி வந்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது; கம்ப்யூட்டரில் எழுதி ஏற்றியதை அப்படியே செய்யும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் வயரால் மாட்டி, புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துத் தட்டினார். முதல் நாளே அதிலிருந்த குட்டி விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

"பாரு தங்கச்சி, நான் சொன்னா கேக்குது. வீட்டுல எனக்கு இந்த மரியாதை கெடையாது!"

தொட்டி நிரம்பினால் மட்டும் எரியும்படி அதற்கு இனிமேல்தான் சொல்லித்தர வேண்டும்.

அன்று சாயங்காலம் அலமாரியில் அவர் வயரும் என் போன் வயரும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இரண்டும் கறுப்பு. அவருடையது புதிது. என்னுடையதை வைத்துவிட்டு அவருடையதை எடுத்துப் போனேன். தெரியாமல் எடுத்தேன் என்று எழுதக் கை வரவில்லை. வயருக்கு வயர் என்ன வித்தியாசம் என்றுதான் நினைத்தேன்.

மறுநாளிலிருந்து போர்டில் விளக்கு மட்டும் பழையபடி எரிந்தது. கம்ப்யூட்டரோ எதுவும் மாட்டவே இல்லை என்றது. கழற்றினார், மாட்டினார், புத்தகத்தை முதலிலிருந்து படித்தார். வயரை யார் சந்தேகப்படுவார்கள்? "எனக்குத்தான் மண்டைல ஏறல" என்றார்.

திங்கட்கிழமை முதலாளி வந்தார். தொட்டி காலி. விளக்கு பழையபடியே சிமிட்டிக்கொண்டிருந்தது.

"தண்ணி இருந்தாலும் கண்ணடிக்குது, இல்லாட்டியும் கண்ணடிக்குது. யாரப் பாத்துய்யா கண்ணடிக்குது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணன் சாவியை நீட்டினார்.

அந்த வாரம் அண்ணனின் வயரைக் கம்ப்யூட்டர் வகுப்புக்கு எடுத்துப்போன என் மகள், "இதுல போட்டோவெல்லாம் ஏறுதும்மா. உன் பழைய வயரு வெறும் சார்ஜ்தான் ஏத்தும், கம்ப்யூட்டரோட பேசாது" என்றாள். அந்தப் பழைய வயரைத்தான் அண்ணன் கழற்றிக் கழற்றி மாட்டியிருக்கிறார்.

கடவுள் முன்னால் மண்டியிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டிருப்பார். ஆனால் அண்ணன் மூட்டையோடு நொண்டி நொண்டி வரும்போது துணியில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டேன். ஒரு காலையில், ஆள் வருமுன் அவர் வயரை அலமாரியில் போட்டுவிட்டு ஓடிவந்தேன். பதற்றத்தில் என்னுடையதை எடுக்க மறந்துபோனேன்.

இடுப்பு தாங்காமல் மாதக் கடைசியில் அவர் வேலையை விட்டார். போகும்போது என் மேசைக்கு வந்தார். கையில் என் வயர். முனையில் என் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு.

"உன்னோடதுதானே?"

தலையாட்டினேன். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு வயரைச் சுருட்டி, பலகையில் நின்றிருந்த என் பக்கத்தில், மேசைமேல் மெல்ல வைத்தார்.

"வச்சுக்கோ தங்கச்சி. சார்ஜ் நல்லாத்தான் ஏத்துது. பேசத்தான் வரல."